ஆலங்கட்டிக்குக் கிராமச் சராசரி எதற்கு?

பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டிச் சேதத்தையும் கிராமத்தின் சராசரி மகசூலை வைத்தே கணக்கிடுவார்கள் என்று அண்மையில் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. அது வறட்சிக்குச் சரி. 2016இல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழை உள்ளூர்ப் பேரிடர் வகையில் வருகிறது. 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் அவரவர் வயலைத் தனியாகப் பார்த்து மதிப்பிட வேண்டும். கல்மழையும் அப்படித்தானே விழுகிறது! எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துத் தேவிபட்டினம் பக்கம் ஒரு மிளகாய்க் கொல்லை சிதைந்து கிடக்கும், பக்கத்துக் கொல்லையில் ஒரு இலைகூடக் கிழிந்திருக்காது.

ஆலங்கட்டி மழை முன்னறிவிப்பைக் குறை சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மழை மேகங்களைக் கண்காணிக்கும் காரைக்கால் டாப்ளர் ரேடார் இங்கிருந்து சுமார் 200 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. பூமியின் வளைவாலும், சற்று மேல்நோக்கி அனுப்பப்படுவதாலும் அதன் கதிர் நம் கரையைக் கடக்கும்போது ஏறத்தாழ 4 கி.மீ. உயரத்துக்குப் போய்விடுகிறது. மேகத்துக்குள் கட்டி இருப்பதை அது காட்டலாம். வரும் வழியில் உருகிவிடுகிறதா என்பதைக் காட்டாது. சிறிய கட்டிகள் நம் வெப்பத்தில் பெரும்பாலும் தண்ணீராகவே தரைக்கு வருகின்றன.

விழுந்துவிட்டால், உருகுவதற்குள் அளவு தெரிய ஒரு நாணயத்தை அருகில் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். பூவும் பிஞ்சும் சில நாள் கழித்தும் உதிரும் என்பதை மதிப்பிட வருபவரிடம் சொல்லுங்கள். ஓட்டுக் கூரை உடைந்தால் இந்தக் காப்பீட்டில் ஒன்றும் கிடைக்காது. அதற்கு வருவாய்த் துறையிடம்தான் மனுக் கொடுக்க வேண்டும்.