கொஞ்சம்தான் கூடுதல் என்ற ஆறுதல்

மாரடைப்பில் ஒருவர் இறந்தார் என்ற செய்தி கிடைத்தவுடன், அவருக்குப் புகைப்பழக்கம் உண்டா, சர்க்கரை நோய் இருந்ததா, பருமனானவரா என்றுதான் நம்மில் பலர் விசாரிக்கிறோம். ஆம் என்ற பதில் வந்தால் காரணம் கிடைத்துவிட்டதாக எண்ணி அமைதியடைகிறோம். இல்லையென்றால் விதியின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். இரண்டுமே தவறான முடிவுகள் என்பது என் கருத்து. தனித்தனியாகப் பார்த்தால் யாரையும் பயமுறுத்தாத சில சிறிய மிகுதிகள் ஒரே உடலில் பல ஆண்டுகள் சேர்ந்திருப்பதால் வரும் மாரடைப்புகள் ஏராளம். அவற்றைத்தான் நாம் "கொஞ்சம்தான் கூடுதல், பரவாயில்லை" என்று சொல்லிக் கடந்துபோகிறோம்.

இந்த நோய்க்கு ஒற்றைக் காரணம் தேடும் வழக்கத்தை மருத்துவம் கைவிட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1948-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃபிரேமிங்ஹாமில் 5,209 ஆண்களையும் பெண்களையும் ஓர் ஆய்வில் சேர்த்து, யாருக்கு இதய நோய் வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். வயது ஏற ஏற இரத்த அழுத்தம் கூடுவது இயல்பே என்று மருத்துவர்களில் பலரே நம்பியிருந்த காலம் அது. (அந்நாட்டு அதிபர் ரூஸ்வெல்ட் 1945-இல் மூளையில் இரத்தம் கசிந்து இறந்த நாளில் அவருடைய அழுத்தம் 300/190 என்று பதிவாகியிருந்தது.) ஃபிரேமிங்ஹாம் ஆய்வை நடத்திய மருத்துவர் வில்லியம் கேனலும் அவருடைய சகாக்களும் 1961-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகுதான், உயர்ந்த அழுத்தமும் உயர்ந்த கொழுப்பும் நோய்க்கு முன்னரே தென்படும் ஆபத்துக் காரணிகள் என்ற எண்ணம் வேரூன்றியது.

காரணிகளின் பட்டியல் இன்று எல்லோருக்கும் மனப்பாடம். அவை ஒன்றோடொன்று எப்படிச் சேர்கின்றன என்பதுதான் நம்மை வந்தடையவில்லை. 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வில், புகைப்பழக்கம் தனியே மாரடைப்பின் ஆபத்தைச் சுமார் 2.9 மடங்காகவும், சர்க்கரை நோய் 2.4 மடங்காகவும், உயர் இரத்த அழுத்தம் 1.9 மடங்காகவும் உயர்த்துவதாகத் தெரிந்தது. மூன்றும் ஒருவரிடமே இருந்தால் ஏழு மடங்கு என்று மனம் கூட்டிப் பார்க்கும். ஆய்வில் கிடைத்த விடையோ 13 மடங்கு. மூன்று எண்களையும் பெருக்கிப் பார்த்தால் அதே விடை வருவதைக் காணலாம். எனவே, "எனக்கு எல்லாமே லேசாகத்தான் இருக்கிறது" என்பவர், ஒரே ஒரு கோளாறு பெரிதாக இருப்பவரை விடப் பத்திரமானவர் என்று சொல்லிவிட முடியாது.

அந்த "லேசாக" என்பதற்கும் ஓர் எல்லைக்கோடு இருப்பதாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். மேல் அழுத்தம் (இரத்த அழுத்த அளவின் முதல் எண்) 138 என்று வந்தால், 140-ஐத் தாண்டவில்லை என்ற நிம்மதியோடு வீடு திரும்புகிறோம். சுமார் பத்து லட்சம் பேரின் தரவுகளைத் தொகுத்து 2002-இல் வெளியான ஆய்வு, 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம், மேல் அழுத்தம் 115-இலிருந்து ஒவ்வொரு 20 புள்ளி கூடும்போதும் இதய நோயாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாவதைக் காட்டியது. 140 என்பது சிகிச்சையைப் பற்றி முடிவெடுப்பதற்காக மனிதர்கள் வகுத்துக்கொண்ட கோடு. இரத்தக் குழாயின் சுவருக்கு அது தெரியாது. புகையிலும் இதே கதைதான். நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவர் இருபது பிடிப்பவரின் கூடுதல் ஆபத்தில் இருபதில் ஒரு பங்கைத்தான் சுமப்பார் என்று நாம் எண்ணுவோம். 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இதய நோயைப் பொறுத்தவரை அது ஏறத்தாழப் பாதி என்று கண்டது. குறைத்துக்கொண்டேன் என்று பெருமைப்படுபவர்களின் முயற்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இதயம் எதிர்பார்ப்பது முழுவதுமாக நிறுத்துவதைத்தான்.

இவையெல்லாம் எத்தனை காலம் வேலை செய்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொரியப் போரில் உயிரிழந்த 300 அமெரிக்க வீரர்களின் உடல்களைப் பரிசோதித்து 1953-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, சராசரி வயது 22 மட்டுமே ஆன அவர்களில் 77 சதவீதத்தினரின் இதயத் தமனிகளில் நோயின் அடையாளங்கள் தென்பட்டன. ஐம்பது வயதில் "திடீரென்று" வந்த மாரடைப்பு முப்பது ஆண்டுகளாக வளர்ந்த ஒன்றாக இருக்கக்கூடும். மேலும், குழாயைப் பெரிதாக அடைக்காத சிறிய கொழுப்புப் படிவுகூட ஒரு நாள் வெடித்து, அதன் மேல் இரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாயை மூடிவிடலாம். போன மாதம் எடுத்த ஈசிஜியும் டிரெட்மில் சோதனையும் நன்றாக இருந்தனவே என்று குடும்பத்தார் அதிர்ந்துபோவது இதனால்தான். அந்தச் சோதனைகள் பொய் சொல்லவில்லை. அவை தேடியது வேறொன்றை: இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் பெரிய அடைப்பின் அறிகுறிகளை.

எல்லாவற்றையும் தனிமனிதரின் ஒழுக்கமாகச் சுருக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் 1980-களில் ஒரு சங்கடமான உண்மையைச் சுட்டிக்காட்டினார்: மிக அதிக ஆபத்தில் உள்ள சிலரிடமிருந்து வரும் நோயாளிகளை விட, ஓரளவு ஆபத்தில் உள்ள பெருங்கூட்டத்திலிருந்து வரும் நோயாளிகளின் எண்ணிக்கையே கூடுதலாக இருக்கலாம். அப்படியானால், நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையை வீட்டுச் சமையலறை மட்டும் காப்பாற்ற முடியாது. பொட்டலத்தில் அடைத்து விற்கும் நிறுவனமும் காப்பாற்ற வேண்டும். பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெரி மாரிஸ் 1953-இல் வெளியிட்ட லண்டன் பேருந்து ஆய்வும் எனக்கு இதையே சொல்கிறது. நாளெல்லாம் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களை விட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஓட்டுநர்களின் சீருடையில் இடுப்பளவு பெரிதாக இருந்ததை மாரிஸே பிறகு கவனித்து எழுதினார். பருமனைக் கணக்கில் கொண்ட பிறகும் வேறுபாடு நீடித்தது. நடத்துநர்கள் யாரும் மன உறுதியால் படியேறவில்லை. அவர்களுடைய வேலையே அப்படி அமைந்திருந்தது.

தனிமனிதர் செய்யக்கூடியவற்றில் அதிகம் வீணாவது மாத்திரை விஷயம்தான். அழுத்தம் சரியாகிவிட்டது என்று தாமாகவே மாத்திரையை நிறுத்துபவர்கள், அது சரியானதே மாத்திரையால்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாகக் காட்டி "இது நார்மலா?" என்று கேட்பதற்குப் பதிலாக, எல்லாவற்றையும் சேர்த்து அடுத்த பத்து ஆண்டுகளுக்கான ஆபத்து எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். வயது, பாலினம், புகைப்பழக்கம், மேல் அழுத்தம், சர்க்கரை நோய், கொழுப்பு ஆகியவற்றைக் கொண்டு அதைக் கணக்கிடும் அட்டவணைகளை உலக சுகாதார நிறுவனம் உலகின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக வெளியிட்டிருக்கிறது. இரத்தப் பரிசோதனைக்கு வசதியில்லாத இடங்களில், சர்க்கரை நோய்க்கும் கொழுப்புக்கும் பதிலாக எடையையும் உயரத்தையும் கொண்டு கணக்கிடும் வடிவமும் அதில் உண்டு.