எட்டுக் கிலோ கொடுவாவும் ஒரு கிண்ணம் சினையும்

போன ஞாயிறு, நல்ல அடைமழை. எங்கள் மும்பை தாராவி வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. அடுத்த சந்து அண்ணாச்சி இரண்டு கையாலும் ஒரு கொடுவாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எட்டுக் கிலோவாம், வசாய் கழிமுகத்து மீனாம். நானும் கட்டைவிரல் போட்டேன்.

மதியம் எங்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு வந்தது. துண்டுகளோடு தனிப் பையில் சினை. மஞ்சளாக, இரண்டு மடலாக, என் உள்ளங்கையைவிட நீளம். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். புன்னைக்காயலில், தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் பிறந்தவள் ஆயிற்றே. மிளகாய்த்தூள் தடவிக்கொண்டே, "பெரிய கொடுவால ஆம்பளையே கெடையாதுடா" என்றாள்.

கிண்டல் இல்லை, கிட்டத்தட்ட அதுதான் உண்மை. கொடுவா முதலில் ஆணாகத்தான் முதிர்கிறது. சில வருடம் கழித்து, உடம்பு பெருத்த பிறகு பெண்ணாக மாறுகிறது. மழைக்காலத்தில் கழிமுகத்துக்கு இறங்கி லட்சக்கணக்கில் முட்டை விடும். குஞ்சுகள் ஓதத்தோடு அலையாத்திக் காட்டு ஓடைகளுக்குள் ஏறி வளரும். ஆக, நாம் படம் எடுத்துப் போடும் பெரிய மீனெல்லாம் அநேகமாகத் தாய் மீன்கள்.

2023-ல் மகாராஷ்டிர அரசு 54 வகை மீன்களுக்கு, பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச அளவு நிர்ணயித்தது. நல்ல காரியம்தான். ஆனால் குஞ்சுக்குக் காட்டிய கரிசனம் தாய்க்கு இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே மீனை 58 செ.மீ.க்குக் கீழே இருந்தாலும் பிடிக்கக்கூடாது, 120-ஐத் தாண்டினாலும் பிடிக்கக்கூடாது. (அண்ணாச்சியின் மீன் 120-க்குக் கீழேதான், அந்தக் கணக்கில் அது தப்பியிருக்காது. நம் மேல்வரம்பு இன்னும் கீழே இருக்க வேண்டும் என்பேன்.)

ஜூன், ஜூலையில்தான் தடைக்காலம் இருக்கிறதே என்பீர்கள். அது விசைப்படகுகளுக்கு. கழிமுகத்தில் துடுப்புப் போடும் சின்னத் தோணிக்கு இல்லை. இருக்கவும் கூடாது. மித்தி ஆற்றைச் சாக்கடையாக்கி மாஹிம் முகத்துவாரத்தை நாறடித்த ஊர், இந்த மண்ணின் பூர்வகுடிகளான கோலி மீனவரின் ஒற்றை வலையைப் பார்த்துச் சட்டம் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் விட்டுவிடுகிற மீனுக்கு யாராவது காசு கொடுக்க வேண்டும். வழி ஏற்கெனவே இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட உயிரினம் சிக்கினால், வலையை அறுத்து விடுவிப்பவருக்கு இங்கே 2018 முதல் 25,000 ரூபாய் வரை நஷ்டஈடு உண்டு. சினைக் கொடுவாவுக்கும் ஏதோ ஒரு தொகை வைத்தால் என்ன?

இன்னும் அழியவில்லையே, அதற்குள் என்ன அவசரம் என்று கேட்கலாம். மூக்கில் ரம்பம் வைத்த வேளா மீனை அம்மா சின்ன வயதில் கரையில் பார்த்திருக்கிறாள். அந்த ரம்பம்தான் எந்த வலையிலும் சிக்கிக்கொள்ளும். 2001-ல் அதை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில், சேர்த்தார்கள். அதற்குள் அது கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது. என் பிள்ளைகளுக்கு நான் படத்தில்தான் காட்ட முடிகிறது.

இதையெல்லாம் நேற்று குழுவிலும் எழுதினேன். அண்ணாச்சி பொறுமையாகப் படித்துவிட்டு, "சரி தம்பி, சினை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

நல்லா இருந்துச்சு அண்ணாச்சி. பொய் சொல்ல வரவில்லை.