அமெரிக்க ஓவியர் ஃபிலிப் கஸ்டன் 1970-இல்தான் உருவம் வரையத் தொடங்கினாரா?

"வாழ்நாள் முழுக்க அரூப ஓவியம்தான், 1970-இல் திடீரென்று கார்ட்டூன் மாதிரி முகமூடி மனிதர்களை வரைய ஆரம்பித்துவிட்டார்" என்று கஸ்டனைப் பற்றி நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். (அரூபம் என்றால் அடையாளம் காணக்கூடிய உருவங்கள் இல்லாத ஓவியம்.) பாதிதான் சரி. நியூயார்க்கின் மார்ல்பரோ காட்சிக்கூடத்தில் அந்த ஆண்டு நடந்த கண்காட்சி பலரை எரிச்சலூட்டியது உண்மை. ஆனால் கஸ்டன் தொடங்கியதே உருவங்களில்தான், அதுவும் பெரிய சுவர்களில்.

1930-களின் நடுவில் சக ஓவியர் ரூபன் கேடிஷுடன் மெக்ஸிகோவின் மொரேலியா நகரில் போருக்கும் பாசிசத்துக்கும் எதிரான சுவரோவியம் தீட்டினார். அப்புறம் அமெரிக்க அரசின் வேலைத்திட்டத்தில் பொதுக் கட்டடச் சுவர்கள். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கும் ஒன்று செய்தார். 1940-களில் கித்தானுக்கு மாறி, அந்தப் பத்தாண்டின் கடைசியில்தான் அரூபத்துக்குள் போனார். அதில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இருந்தார், அவ்வளவுதான்.

அந்த முகமூடிகளும் 1970-இல் முளைத்தவை அல்ல. முகமூடி அணிந்த அமெரிக்க வெள்ளை இனவெறிக் கும்பலான கூ க்ளக்ஸ் க்ளான் ஆட்களை அவர் 1930-லேயே வரைந்திருக்கிறார், 'சதிகாரர்கள்' படத்துக்கான கோட்டோவியத்தைப் பாருங்கள். "வரையத் தெரியாததால் கார்ட்டூன்" என்று இன்னொருவர் சொன்னதற்கும் அந்த ஒரு தாளே போதும்.