‘ஃபேன்’ வழக்கில் இறுதித் தீர்ப்பு வேறு

டிரெய்லரில் காட்டியது படத்தில் இல்லையென்றால் நுகர்வோர் நீதிமன்றத்தில் இழப்பீடு உறுதி என்றும், ஷாருக் கானின் ‘ஃபேன்’ (2016) திரில்லர் படம் தொடர்பான வழக்கே அதற்குச் சான்று என்றும் மேலே பலர் எழுதியிருக்கிறீர்கள். பாதிக் கதை உண்மைதான். டிரெய்லரில் வந்த ‘ஜப்ரா ஃபேன்’ பாடல் படத்தில் இல்லை என்று ஒரு ரசிகை வழக்குத் தொடுத்தார். மகாராஷ்டிர மாநில நுகர்வோர் ஆணையம் இழப்பீடாக 10,000 ரூபாயும் வழக்குச் செலவுக்கு 5,000 ரூபாயும் தரச் சொன்னது. தேசிய நுகர்வோர் ஆணையமும் அதை ஏற்றது.

ஆனால் 2024 ஏப்ரல் 22 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. டிரெய்லர் என்பது டிக்கெட் வாங்க அழைக்கும் விளம்பரம். அதில் வருவதெல்லாம் படத்தில் இருக்கும் என்ற வாக்குறுதி ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். காசு கொடுத்து ஏமாந்தவர்களின் கோபம் எனக்கும் நியாயமாகவே படுகிறது. இருந்தாலும், ரத்தான உத்தரவை நம்பி யாரும் வழக்குச் செலவில் இறங்கிவிடக் கூடாது.

உச்ச நீதிமன்ற இணையதளத்தின் தீர்ப்புகள் பகுதியில் இந்தத் தேதியையும் படத்தைத் தயாரித்த ‘யஷ் ராஜ் ஃபிலிம்ஸ்’ நிறுவனத்தின் பெயரையும் கொடுத்துத் தேடினால் முழுத் தீர்ப்பையும் இலவசமாகப் படிக்கலாம். பரப்பப்படும் செய்தித் துணுக்கின் தேதியையும் பாருங்கள். 2024 ஏப்ரலுக்கு முந்தையது என்றால் அது பழைய நிலவரம்.