அடைத்த தேதியைக் கேனில் போடுங்கள்
வழக்கமான லேகர் வகை பீரோடு நிற்காமல், நம் சிங்கப்பூர்ச் சிறு பீர் ஆலை ஆண்டிறுதிக்கென ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) தூக்கலான பீர் இறக்குவது மகிழ்ச்சி. கிறிஸ்துமஸ் பீர் என்றாலே பட்டை, கிராம்பு என்று போகாதது நல்ல முடிவு. மீன்தலைக் கறிக்கு இந்தக் கசப்பு அருமையாக எடுபடும்!

கவலையெல்லாம் நம் வெயில்தான். கொதிக்கும்போது போடும் ஹாப்ஸ் கசப்பைத் தரும். நொதிக்கும்போதோ நொதித்த பிறகோ ஊறப்போடுவதுதான் பழவாசனையைத் தூக்கிக் கொடுக்கும். 30 டிகிரி சூட்டில் அந்த வாசனை சீக்கிரம் போய்விடும். அடைத்த தேதியைக் கேனில் பெரிதாக அச்சிடுங்கள். கடைக்காரர்களையும் குளிர்பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்கள். லிட்டர் ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி கலால் வரி சேர்ந்த விலை கொடுத்து வாங்குகிறோம், வெறும் கசப்பு மட்டும் மிஞ்சக் கூடாது.

அடுத்த தீபாவளிக்கும் ஒன்று காய்ச்சுங்களேன்.