ஊட்டியில் விழுவது ஸ்னோ இல்லை

ஊட்டி பக்கத்துத் தலைகுந்தா புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் படத்தை உங்கள் பதிவில் போட்டு, 'ஊட்டியில் ஸ்னோ' என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். அது ஃப்ராஸ்ட், அதாவது உறைபனி. ஸ்னோ மேகத்துக்குள்ளேயே உருவாகி மேலிருந்து விழுவது. ஃப்ராஸ்ட் எங்கிருந்தும் விழுவதில்லை. காற்றில் உள்ள ஈரம் புல்லின் மேலேயே பனித்துகளாக உறைந்துவிடுகிறது. அதற்கு மேகமே இருக்கக் கூடாது. வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும் இரவில்தான் தரை தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிட்டுச் சில்லிடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் போய்த் தேங்கும். மேட்டில் இருக்கும் வீட்டு வாசல் பச்சையாகவே இருக்க, கீழே காந்தல் பக்கம் வெளுத்துக் கிடப்பது இதனால்தான்.

'வெப்பநிலை 2 டிகிரி, பிறகெப்படி உறையும்?' என்று பதிவின் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த அளவு தரையிலிருந்து நாலடி உயரத்தில், வானிலைக் கருவி வைக்கும் பெட்டிக்குள் எடுப்பது. புல் நுனி அதைவிடக் குளிர்ந்து பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும்.

தமிழில் இரண்டுக்கும் பனி என்றே சொல்லிப் பழகிவிட்டோம், சரி. ஆனால் தேயிலை வைத்திருப்பவருக்கு இது வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை. உறைபனி பிடித்த கொழுந்து, வெயில் ஏறினதும் தீயில் வாட்டினது மாதிரி கருகிவிடும். அதனால்தான் ஊட்டி தாவரவியல் பூங்காவில் டிசம்பர் வந்தாலே நாற்றுகளை மிலார் என்ற ஒரு வகைச் செடியால் மூடி வைக்கிறார்கள்.

அப்புறம், ஏப்ரலில் ஆலங்கட்டி மழை பெய்தால் அதையும் ஸ்னோ என்று போட்டுவிடாதீர்கள்!