எல்சாட்டுக்கு எதை வைத்துப் படிப்பது?

எல்சாட் என்ற நுழைவுத் தேர்வெழுதி அமெரிக்கா, கனடா சட்டக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகும் பிள்ளைகளும், அவர்களைவிடப் பதற்றமாக இருக்கும் பெற்றோரும் என்னிடம் முதலில் கேட்பது "எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்பதுதான். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: பழைய கேள்வித்தாள். எல்சாட்டை நடத்தும் எல்எஸ்ஏசி அமைப்பே தயாரித்து, நிஜத் தேர்வில் கொடுத்த கேள்விகள். அதுதான் பாடநூல், மற்றதெல்லாம் துணைநூல்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தத் தேர்வில் மனப்பாடத்துக்கு வேலையே கிடையாது. சட்டம்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒருவர் சொல்லும் வாதத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்க்கத் தெரிய வேண்டும். நானே எழுதிய ஒரு சின்ன மாதிரியைப் பாருங்கள்:

"ஒரு நூலகம் மாலையில் கூடுதல் நேரம் திறந்திருந்தது. அடுத்த மாதம் வாசகர் வருகை கூடியது. ஆகவே நேரத்தை நீட்டித்ததால்தான் வருகை கூடியது."

இந்த வாதம் நிற்க எது உண்மையாக இருந்தே ஆக வேண்டும் என்பது கேள்வி. "நேரத்தை நீட்டித்தால் எந்த நூலகத்திலும் கூட்டம் கூடும்" என்று ஒரு விடை. "கூடிய வருகை முழுக்க முழுக்கத் தேர்வுக் காலத்தால் வந்ததல்ல" என்று இன்னொரு விடை. முதலாவது வாதத்துக்கு நல்ல பலம் சேர்க்கிறது, அதனாலேயே கை அங்கே போகும். ஆனால் அது பொய்யாகவே இருந்தாலும் இந்த வாதத்துக்கு ஒன்றும் ஆகாது. மற்ற நூலகங்களில் என்ன நடந்தால் இதற்கென்ன? இரண்டாவதைப் பொய் என்று வைத்துப் பாருங்கள், வாதம் படுத்துவிடும். எனவே விடை அதுதான்.

மயிரிழை வித்தியாசம். அந்த மயிரிழையை எழுதுவது லேசுப்பட்ட வேலை இல்லை. எல்எஸ்ஏசி புதிய கேள்விகளை மதிப்பெண்ணில் சேராத ஒரு பகுதியில் வைத்து, தேர்வெழுதும் மாணவர்களிடமே சோதித்துப் பார்க்கிறது. வெளியார் எழுதும் போலிக் கேள்விகளுக்கு அந்தச் சோதனை கிடையாது. அவற்றில் இரண்டு விடைகள் சரியாகப் படும். பிள்ளை தன்னைச் சந்தேகிக்கத் தொடங்கும். எனக்கு உண்மையில் கோபம் வருவது இங்கேதான். "ஆயிரக்கணக்கான பயிற்சிக் கேள்விகள்" என்று அட்டையில் போட்டிருந்தால், அவை யார் எழுதியவை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அடுத்து, புத்தகம் வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். 2024 ஆகஸ்ட் தேர்விலிருந்து லாஜிக் கேம்ஸ் என்ற புதிர்ப் பகுதி எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது மதிப்பெண்ணுக்கு உரியவை இரண்டு லாஜிக்கல் ரீசனிங் (மேலே பார்த்த நூலக மாதிரி போல வாதத்தை அலசுவது), ஒரு ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் (கட்டுரையைப் படித்து விடை சொல்வது). ஒவ்வொன்றும் 35 நிமிடம். என் அக்கா மகளுக்குத் தெரிந்தவர்கள் ஒரு கட்டுப் புத்தகம் கொடுத்திருந்தார்கள். அதில் மிகத் தடிமனான ஒன்றைப் பிரித்தால், முதல் பக்கம் முதல் கடைசிவரை கேம்ஸ்தான். யார் எந்த நாற்காலியில், எந்த வரிசையில் என்று பக்கம் பக்கமாகப் பென்சில் படங்கள். யாரோ அவ்வளவு உழைத்திருக்கிறார்கள், பாவம். அவளுக்கு அதில் ஒரு பக்கம்கூடத் தேவைப்படவில்லை.

அதற்காகப் பழைய கேள்வித்தாள்களை ஒதுக்கிவிடாதீர்கள். அவற்றின் லாஜிக்கல் ரீசனிங் பகுதிகள் இன்றைக்கும் அருமையான தீனி. ரீடிங்கில் மட்டும் ஒரு விஷயம்: இரண்டு சிறு கட்டுரைகளை ஒப்பிட்டுக் கேட்கும் வகை 2007 ஜூனில்தான் வந்தது, அதற்கு முந்தைய தாள்களில் இருக்காது.

எங்கே கிடைக்கும்? எல்எஸ்ஏசியின் லாஹப் தளத்தில். இலவசக் கணக்கிலேயே சில முழுத் தேர்வுகள் உண்டு, சந்தா கட்டினால் பெரும் தொகுப்பே திறக்கும். தேர்வு கணினியில் நடப்பதால், அதே திரையில் பழகுவதும் நல்லது. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் தயங்காமல் இந்தச் சந்தாவுக்குப் போடுங்கள்.

அப்புறம், முறைகளை விளக்கும் ஒரு நல்ல வழிகாட்டி நூல். ஒன்றே ஒன்று. இரண்டு பேர் இரண்டு விதமாகப் பெயர் வைத்துக் கேள்விகளை வகைபிரித்தால் குழப்பம்தான் மிஞ்சும். கடையில் நின்றபடியே அதில் ஒரு கேள்வியின் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். சரியான விடை ஏன் சரி என்பதோடு நிறுத்திக்கொண்டால் கீழே வைத்துவிடுங்கள். மீதி நான்கும் ஏன் தவறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னால் வாங்கலாம். சொற்பட்டியல் அட்டைகளெல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஒரு வேண்டுகோள்: புதிய தாள்களை ஆரம்பத்திலேயே கரைத்துவிடாதீர்கள். தொடக்கத்தில் பழைய தாள்கள், டைமர் இல்லாமல், தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் "நான் எதை நம்பி இதைத் தேர்ந்தெடுத்தேன்" என்று நோட்டில் இரண்டு வரி. கடைசி வாரங்களுக்குத்தான் புதியவை, நேரம் வைத்து, முழுத் தேர்வாக.

வீட்டில் பழைய புத்தகக் கட்டு ஏதாவது இருந்தால் பொருளடக்கப் பக்கத்தைப் படம் எடுத்துக் கருத்துப் பெட்டியில் போடுங்கள். எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தள்ளலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.